நரி விரட்டும்போது பிள்ளையைத் தூக்காதீர்கள்

பேரன் பிறந்து 12ஆம் நாள். ராத்திரி ஒன்றரை மணிக்குப் பாயில் ஒரு முனகல். "அம்மா, முழிச்சுட்டான்" என்று மகள் கையை நீட்டினாள். "பொறு தாயி, முதல்ல கண்ணைப் பாரு" என்றேன். கண் மூடித்தான் இருந்தது. இமைக்குள்ளே விழி உருண்டது. நெற்றி சுருங்கியது, உதடு சப்புக்கொட்டியது, அழப்போவது போல வாய் கோணி அப்படியே சிரிப்பானது. சற்று நேரத்தில் மூச்சு சீராகி, மடக்கிய கை தளர்ந்தது.

நம் பாட்டிமார் "நரி விரட்டுது" என்பார்களே, அது இதுதான். பச்சைப்பிள்ளையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி இப்படிப்பட்ட அசைவுள்ள தூக்கம். நான் கிராம சுகாதார செவிலியராக இருந்த காலத்தில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தது, தூங்கும் பிள்ளையை விழித்ததாக நினைத்துத் தூக்கி, தாயே எழுப்பிவிடுவதைத்தான். முனகல் கேட்டால் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். கண் திறந்து, தலையைத் திருப்பி வாயால் தேடினால், கையை வாய்க்குக் கொண்டுபோனால் பசி. அப்போதே பால் கொடுங்கள். அழுகை பசியின் கடைசி அடையாளம். அதுவரை விட்டால் பிள்ளை மார்பைப் பிடிக்கவே திணறும்.

மடியில் தூங்கியதும் கீழே போட்டால் ஏன் உடனே விழிக்கிறது? தூங்க ஆரம்பிப்பதே அந்த அசைவுத் தூக்கத்தில்தான். சுமார் 20 நிமிடம் கழித்துக் கையை மெல்லத் தூக்கி விடுங்கள். ஈரத்துணி போலத் தொய்ந்து விழுந்தால் படுக்க வைக்கலாம்.

ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், ஆனால் துண்டு துண்டாக. இரைப்பை சிறியது, தாய்ப்பால் சீக்கிரம் செரிக்கும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் கேட்கும். முதல் இரண்டு வாரம், பிறந்த எடை திரும்பும்வரை, தூங்கினாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிக் கொடுங்கள்.

பகல் எது, இரவு எது என்று அதற்குத் தெரியாது. அந்தக் கணக்கு உடம்பில் பிடிபட இரண்டு மூன்று மாதம் ஆகும். நாங்கள் செய்தது இவ்வளவுதான்: பகலில் ஜன்னலைத் திறந்து வைத்தோம், குக்கர் விசிலுக்காக யாரையும் அதட்டவில்லை. ராத்திரி பால் கொடுக்கும்போது சின்ன விளக்கு மட்டும், பேச்சில்லை, கொஞ்சலில்லை. விழித்து முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் பார்வை வேறுபக்கம் போகும், புருவம் சிவக்கும், கொட்டாவி வரும். அதுதான் தூங்க வைக்கும் நேரம். "இன்னும் கொஞ்சம் விளையாடட்டும்" என்று சொந்தக்காரர்கள் கை மாற்றி மாற்றி வாங்கினால் அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க அழுகைதான்.

படுக்கை விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மல்லாக்க, தட்டையான கெட்டிப் படுக்கையில், தலையணை இல்லாமல். தலை உருண்டையாக வரும் என்று சம்பந்தியம்மா ஆசையாகத் தைத்து வந்த கடுகுத் தலையணையைக் கும்பிட்டு வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன். தூளியில் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சு முட்டும். அதனால் தூளி ஆட்டுவதெல்லாம் பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். தூங்கியதும் பாய்க்கு மாற்றினோம்.

தூக்கம் என்று நினைத்து ஏமாறக்கூடாத நேரமும் உண்டு. உள்ளங்காலைத் தேய்த்தும் எழவில்லை, பால் குடிக்க மறுக்கிறது, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல், நெஞ்சுக்கூடு உள்ளிழுக்கிறது, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் பால், தூக்கம், ஈரத்துணி மூன்றையும் மகள் குறித்து வந்தாள். ஒன்பதாவது வாரத் தாளில் ராத்திரி 11:10க்கும் 3:20க்கும் நடுவே எதுவும் எழுதப்படாமல் இருந்தது. காலையில் அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கே ஓடிவந்தாள்.