ரோடு சைக்கிளுக்குப் புதுச் சக்கரம்: கம்பியை எண்ணாமல் காசைக் கொடுக்காதீர்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாரக் கடைசியில் சைக்கிள் ஓட்டத் தொடங்குபவர்களுக்கு ஓராண்டு கழிந்ததும் சக்கரத்தை மாற்றும் ஆசை வந்துவிடுகிறது. ஆசையில் தவறில்லை. தொடக்க விலை ரோடு சைக்கிள்களில் தயாரிப்பாளர்கள் கைவைத்துச் சிக்கனம் பிடிக்கும் இடங்களில் சக்கரம் முக்கியமானது என்பதால், அங்கே செய்யும் செலவுக்குப் பலன் உண்டு. ஆனால் நண்பர்களின் சக்கரங்களுக்குக் கோட்டம் எடுத்தும், புதிதாகக் கம்பி கோத்தும் கொடுத்துவரும் எனக்கு, ஒரு காலத்தில் நாங்கள் பணத்தை விட்ட அதே இடங்களில் இப்போது வருபவர்களும் விடுவதைப் பார்க்கச் சலிப்பாக இருக்கிறது. கடைக்காரரே தடுத்துவிடக்கூடிய தவறுகளை இங்கே எழுதவில்லை. 15,000 அல்லது 20,000 ரூபாயை ஒதுக்கிவைத்து, பந்தயத்துக்குப் போகாமல் மகிழ்ச்சிக்காக ஓட்டுபவர், எல்லாவற்றையும் விசாரித்துவிட்டதாக நம்பிக்கொண்டே செய்யும் தவறுகள் இவை.

எடைப் பட்டியலை மட்டும் பார்ப்பது

தொடக்க நிலை சைக்கிளோடு வரும் சக்கர இணை, டயர் இல்லாமலேயே பெரும்பாலும் 2 கிலோவைத் தாண்டும். நாம் ஒதுக்கிய தொகைக்குள் நல்ல அலுமினியச் சக்கரம் வாங்கினால் 400 கிராம் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 85 கிலோ என்றால் அந்த மிச்சம் அரை விழுக்காடுகூட இல்லை. ஏற்காட்டுக்கு ஒரு மணி நேரத்தில் ஏறுபவர், அதே உழைப்பில் ஏறத்தாழ 17 விநாடி முன்னதாக மேலே போய்ச் சேருவார். ரிம்மில் இருக்கும் எடை வேகமெடுக்கும்போது இரட்டிப்பாகக் கணக்காகிறது என்பது உண்மைதான். ஆனால் நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பாயும் பந்தய வீரருக்குத்தான் அந்தக் கணக்கு பயன்படும், சீராக 25 கி.மீ. வேகத்தில் போகிறவருக்குப் பெரிதாகப் பயன்படாது.

பழைய டயரையே புதுச் சக்கரத்தில் மாட்டுவது

சக்கரத்துக்கு மொத்தப் பணத்தையும் கொடுத்துவிட்டு, சைக்கிளோடு வந்த கம்பி விளிம்பு டயரையே திரும்ப மாட்டுபவர்கள் மிகப் பலர். அப்படிப்பட்ட டயர் ஒன்று 350 கிராம் அளவில் இருக்கும். மடக்கும் வகை நல்ல டயர் 250 கிராமுக்குள் அடங்கும். சாதாரண ரப்பர் டியூபுக்குப் பதிலாக 40 கிராம் அளவிலுள்ள, டி.பி.யு. என்ற மெல்லிய பிளாஸ்டிக் டியூபையும் போட்டால், இரண்டு சக்கரத்திலும் சேர்த்து 300 கிராமுக்குமேல் குறைந்துவிடும். அதாவது சக்கரம் தரும் மிச்சத்தில் பெரும்பங்கு, அதன் விலையில் ஒரு சிறு பகுதிக்கே கிடைக்கிறது. கூடவே உருளும்போது வீணாகும் ஆற்றலும் குறைகிறது. ஆகவே முதலில் டயரை மாற்றுங்கள், அதன்பிறகும் ஆசை இருந்தால் சக்கரத்துக்கு வாருங்கள். பிரேக் கட்டை ரிம்மையே பிடிக்கும் ரிம் பிரேக் சைக்கிளில் டி.பி.யு. டியூபைப் போடுமுன், சூடேறும் ரிம்மில் அதைப் பயன்படுத்தத் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்பதை மட்டும் அட்டையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அச்சையும் கேசட்டையும் அளக்காமல் வாங்குவது

ரிம் பிரேக் ரோடு சைக்கிளின் சட்டகத்தில் பின்சக்கரம் உட்காரும் இடைவெளி 130 மி.மீ.; குயிக் ரிலீஸ் (நெம்புகோலால் கழற்றும் மெல்லிய அச்சு) கொண்ட டிஸ்க் பிரேக் சைக்கிளில் 135; த்ரூ ஆக்ஸில் (சட்டகத்தின் ஊடே செருகித் திருகும் தடித்த அச்சு) என்றால் 12 மி.மீ. தடிமனும் 142 மி.மீ. அகலமும். அலுமினியச் சட்டகத்தை விரித்து 135 மி.மீ. சக்கரத்தை உள்ளே திணிக்கும் யோசனையைச் சிலர் சொல்வார்கள், கேட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இதில் தேவையில்லாமல் பணம் போகும் இடம் ஒன்று உண்டு. 7 கியர் கொண்ட பழைய சைக்கிள்கள் பலவற்றில் பற்சக்கரக் கொத்து, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின்மேல் திருகப்படும் ஃப்ரீவீலாக இருக்கும். புதுச் சக்கரமோ, கேசட் எனப்படும் செருகு வகைப் பற்சக்கரக் கொத்தை ஏற்கும் உருளையான ஃப்ரீஹப்போடு வரும். இதைப் பார்த்ததும் கியர் நெம்புகோல் முதல் செயின் வரை அத்தனையையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பணம் வாங்கும் இடங்கள் உண்டு. மாற்ற வேண்டியதில்லை. 7 கியர் கேசட் ஒன்றை வாங்கி, அதன் பின்னால் 4.5 மி.மீ. வளையம் ஒன்றைச் செருகினால் 8, 9, 10 கியருக்கான ஷிமானோ ஃப்ரீஹப்பில் அது சரியாக உட்காரும். 11 கியருக்கான ரோடு ஃப்ரீஹப் என்றால் கூடுதலாக 1.85 மி.மீ. வளையமும் தேவைப்படும். பழைய நெம்புகோல்களே வேலை செய்யும்.

கம்பி குறைந்த சக்கரத்துக்கு மயங்குவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். மற்றத் தவறுகளில் பணம் ஒருமுறை போகும், இதில் தவணை முறையில் போகும்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர், 90 கிலோவைத் தாண்டியவர், சற்றே பயன்படுத்திய சக்கர இணை ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கி வந்தார். பின்சக்கரத்தில் மொத்தமே 20 கம்பிகள். அவையும் சாதாரணக் கம்பிகள் அல்ல. பட்டையாகத் தட்டப்பட்டு, கழுத்தில் வளைவில்லாமல் ஹப்பில் நேராகச் செருகப்படுபவை, அந்தத் தயாரிப்பாளரின் அந்த ஒரு மாடலுக்காகவே செய்யப்பட்டவை. "அண்ணா, சும்மா சுத்தி விட்டுப் பாருங்க, சத்தமே வேற மாதிரி இருக்கு" என்றார். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. சில மாதங்களில், திருவிடந்தைக்கு அருகே பள்ளமே இல்லாத சாலையில், ஒரு கம்பி முறிந்தது. 20 கம்பிகளில் ஒன்று போனால் பக்கத்துக் கம்பிகளுக்கு இடையே பெரிய இடைவெளி விழுந்துவிடுகிறது. ரிம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சட்டகத்தில் உரச, பிரேக்கை முழுவதும் தளர்த்திய பிறகும் சக்கரம் உருளவில்லை. சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுதான் வீடு திரும்பினார். 32 கம்பிச் சக்கரத்தில் இதே முறிவு நேர்ந்திருந்தால், பிரேக்கைச் சற்றே தளர்த்திவிட்டு மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்திருக்கலாம்.

ஆட்டோவோடு செலவு முடியவில்லை. பாரிமுனைப் பக்கத்து உதிரிபாகக் கடைகளில் சாதாரணக் கம்பிகள் கட்டுக்கட்டாகத் தொங்கின, இந்தக் கம்பி இல்லை. வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும் என்றார்கள். தனிக் கம்பியாகத் தராமல் தொகுப்பாகத்தான் தருவோம் என்றார்கள். அனுப்பும் கட்டணமும் சுங்கமும் சேர்ந்ததும், பாதி விலையில் வாங்கிய இலாபம் கரைந்துவிட்டது. தொகுப்பு வரும்வரை சக்கரம் சுவரில் மாட்டிக் கிடந்தது. வந்து மாட்டிய சில வாரங்களிலேயே, இன்னொரு பழைய கம்பி முறிந்தது.

முறிந்த கம்பியின் தலைப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். அந்த முகத்தில் பெரும்பகுதி மங்கலாகவும் வழவழப்பாகவும் இருந்தது; ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் சொரசொரப்பாகப் பளபளத்தது. வழவழப்பான பகுதி பல வாரங்களாகச் சிறிது சிறிதாக வளர்ந்த விரிசல். பளபளக்கும் கீற்று அன்று காலை ஒரே நொடியில் அறுந்தது. ஓட்டுபவரின் எடையால் கம்பி ஒரே இழுப்பில் அறுவதில்லை, அலுத்துப்போய் அறுகிறது. தரையைத் தொடும் இடத்துக்கு வரும் ஒவ்வொரு கம்பியும் அந்தக் கணத்தில் இழுவிசையை ஓரளவு இழந்து, மேலே போகும்போது மீண்டும் இறுகுகிறது. 25 மி.மீ. டயர் போட்ட சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர் என்பதால், திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பும் ஒரே காலையில் ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 40,000 முறை தளர்ந்து இறுகுகிறது. கம்பிகள் குறையக் குறைய, ஒவ்வொன்றும் ஏற்கும் இந்த ஆட்டம் கூடுகிறது. இறுக்கம் போதாத கம்பி முழுவதும் தொய்ந்து உலுக்கப்பட, விரிசல் தொடங்குகிறது. பின்சக்கரத்தில் கேசட்டுக்கு இடம்விட்டு ஹப்பின் வலப்புற விளிம்பு உள்ளே தள்ளி அமைந்திருப்பதால், வலப்புறக் கம்பிகளை இடப்புறத்தைவிட ஏறத்தாழ இருமடங்கு இறுக்க வேண்டியிருக்கிறது. தளர்வாகவே வாழும் இடப்புறக் கம்பிகள் பல சமயம் முதலில் முறிவதற்கு இதுவே காரணம்.

குறைந்த கம்பிச் சக்கரங்களே கெட்டவை என்று நான் சொல்லவில்லை. 60 கிலோ எடையும், பின்னால் வரும் காரில் மாற்றுச் சக்கரமும் உள்ள பந்தய வீரருக்கு அவை பொருத்தமானவை. நமக்குப் பின்னால் கார் வருவதில்லை.

நம் தொகைக்குள், நம் ஊருக்கு நான் சொல்லக்கூடியது எளிமையானது. பின்னால் 32 கம்பிகள், 75 கிலோவுக்குள் இருப்பவர் என்றால் 28 போதும். முன்னால் நான்கு குறையலாம். கழுத்து வளைந்த சாதாரணக் கம்பிகள், ஆனால் இரு முனைகளில் 2 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. என்று இழைக்கப்பட்டவை. நடுப்பகுதி மெலிந்திருப்பதால் நீட்சியை அதுவே ஏற்றுக்கொண்டு கழுத்தைக் காப்பாற்றுகிறது. மெலிந்த கம்பி தடித்த கம்பியைவிட நெடுநாள் உழைப்பதன் இரகசியம் இதுதான். கம்பியை ரிம்மோடு பிணைக்கும் நிப்பிள் பித்தளையில் இருக்கட்டும். அலுமினிய நிப்பிளை உப்புக்காற்று அரித்து, வெள்ளைப் பொடி பூத்து, கோட்டம் எடுக்கத் திருகும்போது அது கையோடு நொறுங்கி வருவதைக் கடலோரத்தில் ஓட்டுபவர்களின் சக்கரங்களில் அடிக்கடி பார்க்கிறேன். ரிம்மின் உள் அகலம் 17 முதல் 19 மி.மீ. இருந்தால் 25, 28 இரண்டு டயர்களுமே நன்றாக உட்காரும். கையால் கோக்கத் தெரிந்தவர் ஊரில் இருந்தால் ஹப், ரிம், கம்பி மூன்றையும் தனித்தனியாக வாங்கி அவரிடம் கொடுக்கலாம். இப்படிக் கோத்த சக்கரம் எடைப் பட்டியலில் தோற்கும், ஆனால் முறிந்த கம்பியை அன்று மாலையே எந்தச் சைக்கிள் கடையிலும் மாற்றிக்கொள்ள முடியும்.

ஆலையில் கோத்து வரும் சக்கரம்தான் வேண்டும் என்றால், பணம் கொடுக்குமுன் விற்பவரிடம் உதிரிக் கம்பி கேளுங்கள். முன்சக்கரத்துக்கு ஒரு நீளம், பின்சக்கரத்தின் வலப்புறத்துக்கு ஒரு நீளம், இடப்புறத்துக்கு ஒரு நீளம் என்று பெரும்பாலும் மூன்று அளவு இருக்கும்; டிஸ்க் பிரேக் சக்கரமானால் முன்சக்கரத்திலும் இரு புறத்துக்கு இரு நீளம் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் இரண்டு கம்பிகளைச் சக்கரத்தோடு சேர்த்தே வாங்கிவிட வேண்டும். அவரால் தர முடியாவிட்டால் அந்தச் சக்கரத்தை வாங்காதீர்கள்.

ரிம் பிரேக் சைக்கிளுக்கு மலிவான கார்பன் ரிம்

வேண்டாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்தபடி இறங்கும் சூட்டை நம்பி ஒப்படைக்கக்கூடிய கார்பன் ரிம் இந்த விலைக்குள் கிடைக்காது.

ஆழமான ரிம்

50 மி.மீ. ஆழமுள்ள ரிம் காற்றைக் கிழிப்பது உண்மை. ஆனால் கிடைக்கும் இலாபம் வேகத்தோடு கூடுவது, 25 கி.மீ. வேகத்தில் அது சில வாட் அளவுக்குமேல் போகாது. அதே நேரத்தில் முட்டுக்காடு பாலத்தின்மேல் பக்கவாட்டில் அடிக்கும் காற்று முன்சக்கரத்தைப் பிடித்துத் தள்ளுவதும், வழக்கமான டியூபின் வால்வு எட்டாமல் நீள வால்வு தேடி அலைவதும் உறுதி. 30 மி.மீ. வரை என்றால் பாதகமில்லை.

கொக்கி இல்லாத ரிம்மில் 100 பி.எஸ்.ஐ. காற்று

டயரின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் உட்கொக்கி இல்லாத ரிம்கள் இப்போது மலிவாகவும் வருகின்றன. இவற்றில் 5 பாருக்கு, அதாவது ஏறத்தாழ 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று அடிக்கக் கூடாது. ட்யூப்லெஸ் வகை டயர்களில், அந்த ரிம்முக்கு ஏற்றவை என்று குறிப்பிடப்பட்டவற்றை மட்டுமே மாட்ட வேண்டும். 25 மி.மீ. டயரில் 100 பி.எஸ்.ஐ. அடித்துப் பழகிய கைக்கு இது நினைவிருப்பதில்லை. 2024 பிப்ரவரியில் நடந்த ஐக்கிய அரபு அமீரகச் சுற்றுப் போட்டியில் பெல்ஜிய வீரர் தோமஸ் தெ கெண்ட் விழுந்து, அவரது முன்டயர் ரிம்மை விட்டுக் கழன்றபோது, இவ்வகை ரிம்கள் பற்றிய விவாதம் தொழில்முறை வீரர்களிடையே பெரிதாக வெடித்தது. வாங்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ரிம்மில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைத் தாளைப் படிக்காமல் பம்பை எடுக்க வேண்டாம்.

எடை வரம்பு

சக்கரத்துக்குத் தயாரிப்பாளர் குறித்திருப்பதைப் படியுங்கள். அது ஓட்டுபவருக்கு மட்டுமா, சைக்கிளையும் பையையும் சேர்த்தா என்பதையும் பாருங்கள்.

பழைய சக்கரத்தைச் சுற்றி மட்டும் பார்த்து வாங்குவது

நேராகச் சுழல்வதால் சக்கரம் நல்லது என்று ஆகிவிடாது. விற்பதற்கு முந்தைய நாள் யார் வேண்டுமானாலும் கோட்டம் எடுத்திருக்கலாம். டயரைக் கழற்றச் சொல்லி, நிப்பிள் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். ரிம் பிரேக் சக்கரம் என்றால் பிரேக் கட்டை உரசும் பரப்பில் விரல் நகத்தை வைத்து இழுங்கள். உட்குழிந்திருந்தால் ரிம் தேய்ந்துவிட்டது. தேய்மானத்தைக் காட்டச் சிறு குழி வைத்திருக்கும் ரிம்களில் அந்தக் குழி மறைந்திருந்தாலும் அப்படியே. அச்சை இரு விரலால் மெல்லச் சுழற்றும்போது மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தால் பால்ரஸ் குண்டுகளோ, அவை உருளும் கிண்ணமோ போய்விட்டது. குண்டுகளை மாற்றுவது சில நூறு ரூபாயில் முடியும், கிண்ணம் போயிருந்தால் பல ஹப்புகளில் முழு ஹப்பையே மாற்ற வேண்டும்.

புதுச் சக்கரத்தைத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டுவது

முதல் சில நூறு கிலோமீட்டரில் கம்பிகள் தங்கள் இடங்களில் அமர்ந்து சற்றுத் தளரும். அந்தக் கட்டத்தில் ஒருமுறை கோட்டம் பார்த்து இறுக்கினால், பிறகு நெடுநாள் தொல்லை இருக்காது. வீட்டிலேயே சோதிக்கவும் முடியும்: ஒரே பக்கத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் மீட்டிப் பாருங்கள், ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது. அந்த ஒரு கம்பியை மட்டும் நீங்களே முறுக்கிவிடாமல் கோட்டம் எடுப்பவரிடம் கொண்டுபோங்கள், ஏனென்றால் ஒன்றை இறுக்கினால் எதிர்ப்பக்கத்துக் கம்பிகளையும் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

பழைய சக்கரத்தை விற்றுவிடுவது

விற்க வேண்டாம். கிடைக்கும் தொகை ஒரு டயருக்குக்கூடக் காணாது. பழைய டயரோடு அப்படியே வைத்திருந்தால், மழைக்காலத்துக்கும் வீட்டுக்குள் ட்ரெய்னரில் மிதிப்பதற்கும் அது போதும்.