தானாகச் சரியானாலும் விட்டுவிடாதீர்கள்

பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் ஒரு பக்கம் கோணுகிறது, பேச்சு குழறுகிறது, ஒரு கை மட்டும் தொங்கிப்போகிறது. பத்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. 'அதான் சரியாப் போச்சே' என்று பலரும் படுத்துத் தூங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, தானாகத் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அறிகுறி தெரிந்ததுமே, விலகுமா என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். சி.டி. ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்கே நேராகப் போவது நல்லது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கு, நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்கும்; அதனால் அந்த நேரத்தை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாயில் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், புரையேறிவிடும். ஆஸ்பிரினும் வேண்டாம். அடைப்பா, ரத்தக் கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். கசிவாக இருந்தால் அந்த மாத்திரையே கெடுதல் செய்யும்.

பக்கவாதம் வராமல் தடுக்க முதலில் கவனிக்க வேண்டியது பிரஷர். தலைவலி, தலைசுற்றல் எதுவும் இல்லாமலேயே அது ஏறியிருக்கும். அளவு சரியாக வந்துவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மாத்திரையால்தான் சரியாக இருக்கிறது. சர்க்கரை, புகை, உப்பு இவற்றிலும் கவனம் தேவை. நாடி தாறுமாறாகத் துடித்தால் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்; இதயத்தில் உறையும் ரத்தக்கட்டி மூளைக்குப் போயும் பக்கவாதம் வரும்.