வேலையை விட்ட கையோடு வீட்டையும் விற்காதீர்கள்

பினாங்கு யூத் பார்க்கில் காலையில் நடக்கிற எங்கள் கூட்டத்தில் ஒவ்வொரு வருடமும் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற சில புதுமுகங்கள் சேர்வார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருந்தவர், மருத்துவமனையில் தாதியாக இருந்தவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்று பல பேர். முதல் சில வாரங்கள் முகம் தெளிவாக இருக்கும். அப்புறம் ஒருநாள் நடந்துகொண்டே, வீட்டை விற்றுப் பிள்ளையிடம் போகிற தங்கள் திட்டத்தைச் சொல்வார்கள். எனக்கு வயிற்றைப் பிசையும். போன வருடம் வந்தவர் சொன்ன அதே திட்டம். அதற்கு முந்தின வருடம் வந்தவரும் அதைத்தான் சொன்னார்.

நடங்கள், சர்க்கரையைக் கவனியுங்கள், டிவியைக் குறையுங்கள் என்று சொல்ல ஆள் நிறைய உண்டு. அதை விட்டுவிடுகிறேன். நல்லது என்று நினைத்துச் செய்து, பிறகு மீள முடியாமல் தவிக்கிற விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

கேட்டவுடன் தலையாட்டுவது

நீங்கள் ஓய்வு பெற்ற செய்தி வட்டாரம் முழுக்கப் பரவியிருக்கும். கோயிலுக்குப் பொருளாளர் வேண்டும், ருக்குன் தெத்தாங்கா என்கிற அக்கம்பக்கக் குழுவுக்குச் செயலாளர் வேண்டும். “நீங்கதான் இப்ப சும்மா இருக்கீங்களே அண்ணே” என்று தேடி வருவார்கள். மறுக்க மனம் வராது. வேலையை விட்டவருக்கு நம்மை ஒருவர் தேடி வருவதே பெரிய ஆறுதல்தான்.

ஆனால் பொறுப்பு என்ன என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். பதிவு பெற்ற சங்கம் என்றால் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கையும் கணக்கும் போக வேண்டும். முந்தைய பொருளாளர் விட்டுப்போன ரசீதுகளை எல்லாம் நீங்கள்தான் தேடுவீர்கள். ஆறு மாதம் பதவி இல்லாமல் உதவி செய்யுங்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் தண்ணீர்ப்பந்தல் போட ஆள் போதாமல் அலைகிறார்கள். அங்கே போய் நில்லுங்கள். யார் வேலை செய்கிறார்கள், யார் பேச மட்டும் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

வீட்டை விற்றுப் பிள்ளையிடம் போவது

என் கோபமெல்லாம் இதில்தான்.

கெலுகோரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அண்ணன் தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஒற்றை மாடி வரிசை வீடு, கடனெல்லாம் அடைத்தாயிற்று. ஒரே மகன் கோலாலம்பூரில், செராஸ் பக்கம். தங்கமான பிள்ளை, மருமகளும் அப்படித்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் கதை கேட்டால் நம் ஆட்கள் உடனே மருமகள் மேல் பழி போடுவார்கள். இங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை.

அண்ணன் வேலையை விட்ட சில மாதத்திலேயே வீட்டை விற்றார். மகன் பெரிய கொண்டோவாக வாங்க முன்பணம் கொடுத்தார். “ரெண்டு பேருக்கு இவ்வளவு பெரிய வீடு எதுக்கு?” என்று உறவுக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஏஜென்ட் வந்து, ஆறாவது வருடத்தில் இருந்து குடிமக்களுக்குச் சொத்து ஆதாய வரி கிடையாது, விற்க இதுதான் நல்ல நேரம் என்றார். வரி விஷயம் உண்மை, 2022-இல் இருந்து அப்படித்தான். ஆனால் அங்கே போனபிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

பினாங்கில் அந்தப் பத்து மணி எப்படி இருந்தது? காலையில் நடை, கோப்பிக் கடையில் பசியாறல், பசாரில் மீன்காரரோடு பேரம், பஸ் பிடித்து லிட்டில் இந்தியா, வழியில் நாலு பேர் “என்னண்ணே” என்று நிறுத்திப் பேசுவார்கள். அண்ணனின் மனைவி, எங்கள் அக்காவுக்குப் பக்கத்து வீட்டுச் சீனத்துப் பாட்டி துணை. வேலி ஓரமாக நின்று பண்டான் இலையும் கறிவேப்பிலையும் மாற்றிக்கொள்வார்கள். இதையெல்லாம் அவர்கள் பொழுதுபோக்கு என்று நினைத்ததே இல்லை. அதனால்தான் விற்கும்போது கணக்கில் சேர்க்கவும் இல்லை.

செராஸில் பதினெட்டாவது மாடி. மகனும் மருமகளும் விடியும் முன்பே கிளம்பினால் நெரிசலில் ஊர்ந்து வீடு வர இரவாகும். எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் போகவே இணைப்புப் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். பகலில் அண்ணன் பேசுகிற ஒரே ஆள் கீழே இருக்கிற நேப்பாளக் காவலாளி. போன் பண்ணிக் கேட்டேன், “எப்படிண்ணே இருக்கு?” “வீடு நல்லாதான் இருக்கு. இறங்கிப் போக இடம் இல்ல.” அக்கா அதுகூடச் சொல்லவில்லை. மருமகள் வருத்தப்படுவாள் என்று பயம்.

இப்போது இருவரும் திரும்பி வந்து ஜெலுத்தோங்கில் வாடகை பிளாட்டில் இருக்கிறார்கள். மகனுக்குக் குற்ற உணர்வு. அவர்களுக்கு, பிள்ளையை விட்டு வந்துவிட்டோமே என்று வேதனை.

திரும்பச் சொந்த வீடு வாங்குவது எளிதில்லை. 500,000 ரிங்கிட் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்கும்போது ஏஜென்ட் கமிஷன் 3 விழுக்காடு வரை போகலாம், அது 15,000. அதே விலையில் வேறு வீடு வாங்கினால் பெயர் மாற்ற முத்திரைத் தீர்வை 9,000. இரண்டு முறையும் வக்கீல் செலவு தனி. இதற்குள் விலையும் ஏறியிருக்கும். கடன் வாங்கலாம் என்றால், வங்கிகள் பெரும்பாலும் 70 வயதோடு தவணையை முடிக்கப் பார்க்கும். 62 வயதுக்காரருக்கு எட்டு வருடத் தவணை என்றால் மாதாமாதம் எவ்வளவு வரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று மாதம் போய் இருந்து பாருங்கள். தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் போய் முடிவெடுக்காதீர்கள், அந்த நாட்களில் எந்த வீடும் கலகலப்பாகத்தான் இருக்கும். பள்ளியும் வேலையும் நடக்கிற சாதாரண மாதங்களில் போங்கள். மகனின் காரை எதிர்பார்க்காமல் நீங்களே கடைக்கு, கோயிலுக்கு, கிளினிக்குக்குப் போய்வர முடிகிறதா என்று பாருங்கள். இங்கே கிளினிக்கில் உங்களுக்கு இருக்கிற அப்பாயின்ட்மென்டைக் கைவிடாதீர்கள். பிடித்திருந்தால் வீட்டை ஒரு வருடம் வாடகைக்கு விடுங்கள், ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டி முறையாகச் செய்யுங்கள். அதற்குப் பிறகும் மனம் அங்கேயே இருந்தால் விற்பதைப் பற்றிப் பேசலாம். அப்போதும் நீங்கள் போடும் பணத்துக்கு வீட்டு கிராண்டில், அதாவது உரிமைப் பத்திரத்தில், உங்கள் பெயர் வர வேண்டும். பிள்ளையிடம் இதைக் கேட்பது அவமானம் இல்லை. நல்ல பிள்ளை புரிந்துகொள்வான்.

பட்டர்வொர்த்தில் ஏறினால் இடிஎஸ் ரயில் சுமார் நாலு மணி நேரத்தில் கேஎல் சென்ட்ரலில் விட்டுவிடும். பேரப்பிள்ளையைப் பார்க்க மாதம் ஒருமுறை போய்வரலாம்.

55-இல் சேமநிதியை வழித்தெடுப்பது

தனியார் துறையிலும் 2013 ஜூலையில் இருந்து ஓய்வு வயது 60. ஆனால் ஊழியர் சேமநிதிப் (இபிஎஃப்) பணத்தை 55-லேயே எடுக்கலாம். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே கார் மாற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். எடுக்காமல் விட்ட பணத்துக்கு 100 வயது வரை லாப ஈவு உண்டு. 2024-க்கு 6.30 விழுக்காடு கொடுத்தார்கள். மொத்தமாக எடுக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. மாதாமாதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால் சம்பளம் மாதிரி வங்கிக்கு வந்துவிடும்.

வீட்டில் சூப்பர்வைசர் ஆவது

சமையலறை நீங்கள் இல்லாமலே இத்தனை வருடம் நடந்தது.

பேரப்பிள்ளை பொறுப்பு

வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணி வரை என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

“கையில ரொக்கமா தர்றோம்” என்கிற வேலை

பாதிநாள் வேலை நல்லதுதான், எங்கள் கூட்டத்திலேயே சிலர் செய்கிறார்கள். அடையாள அட்டை கேட்காமல், சம்பளச் சீட்டு எதுவும் இல்லாமல் ரொக்கமாகத் தருவது வேறு கதை. 60 தாண்டிய மலேசியர் வேலை செய்தாலும் முதலாளி சேமநிதிக்கு 4 விழுக்காடு கட்ட வேண்டும், உங்கள் சம்பளத்தில் பிடித்தம் இல்லை. சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் வேலையிட விபத்துப் பாதுகாப்பும் உண்டு. கிடங்கில் கால் தவறி விழுந்தால் அதுதான் கைகொடுக்கும். சேர்வதற்கு முன்பு இந்த இரண்டையும் கேளுங்கள். “இந்த வயசுல அதெல்லாம் எதுக்கு அங்கிள்” என்று சொல்கிற இடத்தில் உட்காரவே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.