இருமல் நின்றதும் குளிசையை நிறுத்தலாமா?

செம்மண் தோட்டத்தில் வெங்காயம் செய்தவர்களுக்குக் கோரையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மேலே செதுக்கினால் தோட்டம் துப்புரவாகத் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். ஒரு மழைக்குப் பழையபடி தலைநீட்டும். காசநோய்க் கிருமியும் ஏறக்குறைய அந்தச் சாதிதான்.

"இரண்டு மாதம் போட்டாச்சு, இருமல் இல்லை, இனி என்னத்துக்கு?" யாழ்ப்பாணத்தில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. தவறுகளில் பெரியது இதுதான். வழமையான சிகிச்சையில் முதல் 2 மாதம் நான்கு மருந்துகள். பிறகு 4 மாதம் அவற்றில் ஐசோனியசிட், ரிபாம்பிசின் இரண்டும். ஏன் இத்தனை காலம்? ஐசோனியசிட், கிருமி தன் சுவரைக் கட்டும் வேலையைக் கெடுக்கிறது. சுவரே கட்டாமல் சுருண்டு கிடக்கும் கிருமியை அது என்ன செய்யும்? நுரையீரல் புண்ணுக்குள் ஒட்சிசன் குறையும்போதும், நம் எதிர்ப்புக் கலங்கள் நைத்திரிக் ஒட்சைட்டு வாயுவை வீசும்போதும் சில கிருமிகள் பெருகுவதை நிறுத்திவிடுகின்றன. சாவதில்லை, காத்திருக்கின்றன. சாதாரணமாகவே இந்தக் கிருமி இரண்டாகப் பிரிய ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். வயிற்றுக் கிருமியான ஈ.கோலைக்கு 20 நிமிடம் போதும். அவ்வளவு மந்தமான எதிரி. இருமல் நிற்பது வேகமாகப் பெருகியவை செத்ததால்தான். தூங்குபவை இன்னும் உள்ளே கிடக்கும்.

தூங்கும் கிருமியையும் மருந்துக்கு அடங்காத கிருமியையும் ஒன்றென்று நினைப்பது இன்னொரு தவறு. தூங்குவது விழித்ததும் அதே மருந்துக்குச் சாகும். அடங்காததில் மரபணுவே மாறியிருக்கும், அந்த மாற்றம் அடுத்த தலைமுறைக்கும் போகும். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது, தேறிய பலரிடம் சில மாதங்களில் அந்த மருந்து எடுபடாமல் போனது. மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது அதனால்தான். நாலில் ஒன்று வயிற்றைப் பிரட்டுகிறது என்று அதை மட்டும் ஒதுக்கிவைப்பவர் அந்தப் பழைய பிழையை வீட்டில் திரும்பச் செய்கிறார்.

ரிபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். கண் மஞ்சளித்தால் மட்டும் கதை வேறு: அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள்.

சரி, இன்னும் சோதிக்காதவர்கள்? இரண்டு கிழமைக்கு மேல் இருமினால் பார்மசியில் அன்டிபயோட்டிக் கேட்காதீர்கள். சிலவகை மருந்துகள் காசநோயையும் அரைகுறையாக அடக்கி, கண்டுபிடிப்பதைப் பிந்தச் செய்யும். அரசாங்க மார்பு நோய் கிளினிக்கில் சளிச் சோதனையும் மருந்தும் இலவசம்.