கல்லைத் தொடாமலே கல்லுக்கு நகல் எடுக்குறது எப்படி: காரைக்குடி பட்டறையில செஞ்சு பாத்தது

எங்க ஊர் கோயில் முன்மண்டபத் தூண்ல ஒரு யாளி இருக்கு, வாய்க்குள்ள கல் உருண்டையோட. சில வருஷம் முன்னாடி யாரோ நகல் வேணும்னு ரப்பர் அச்சு எடுத்தாங்க, அச்சை உரிக்கும்போது பழைய சுண்ணாம்புப் பூச்சும் பிடரி மயிர் ஓரத்துல ஒரு சில்லும் கூடவே வந்துருச்சு. அந்தச் சில்லை கையில வச்சுப் பாத்தப்ப வந்த வருத்தம் இன்னும் போகல. அதான் தொடாமலே எடுக்குற வழியைக் கத்துக்கிட்டேன்: சுத்திச் சுத்திப் போட்டோ எடுத்து, அதையெல்லாம் கம்ப்யூட்டர்ல சேத்து முப்பரிமாண மாடல் ஆக்கி, அதை மிஷின்ல வெட்டுறது. பூஜை ரூம் கதவு வெட்டுற சிஎன்சி மிஷின் (கம்ப்யூட்டர் சொல்றபடி வெட்டுற மிஷின்) வச்சிருக்குற யாரும் இதைச் செய்யலாம்.

இது புது விஷயம் ஒண்ணும் இல்ல. எகிப்துல துத்தன்காமன்ங்கிற பழைய ராஜாவோட கல்லறையை 2009ல ஸ்கேன் பண்ணி 2014ல அப்படியே ஒரு நகல் கல்லறை வச்சாங்க, கூட்டம் போய்ப் போய் அசல் கெட்டுப்போகக்கூடாதுன்னு. சிரியாவுல பல்மைராங்கிற பழைய நகரத்துக் கல் வளைவை 2015ல ஐஎஸ் தீவிரவாதிங்க இடிச்சாங்கள்ல, அதுக்கு முன்னாடி எடுத்து வச்ச போட்டோவை வச்சுத்தான் 2016ல லண்டன்ல பளிங்குல நகல் நிறுத்துனாங்க. அதனால மிஷின் இல்லாட்டியும் பரவாயில்ல, போட்டோவை மட்டுமாவது இப்பவே எடுத்து வச்சிருங்க.

முதல்ல அனுமதி. ஊர்க்கோயில்னா டிரஸ்டிகிட்டயும் குருக்கள்கிட்டயும் நேர்ல போய்ச் சொல்லுங்க, மூலவர் பக்கம் கேமராவைத் திருப்பவே வேணாம். திருமயம் மாதிரி தொல்லியல் துறை கையில இருக்குற இடம்னா டிரைபாட், லைட் வைக்கிறதுக்கு முன்னாடி எழுதிக் கேட்டுருங்க.

சிலையைத் துடைக்காதீங்க. வருஷக்கணக்கா எண்ணெய் ஏறி கருப்பா மினுமினுன்னு இருக்கும், அந்த மினுமினுப்புதான் நமக்குப் பெரிய தொல்லை, ஏன்னா கேமரா நகர நகர பளபளப்பும் நகரும், சாப்ட்வேர் அதைக் கல்லோட வடிவம்னு நெனச்சுக் குழம்பிப்போய் மேடு பள்ளமா ஒரு மாடல் குடுக்கும். இதுக்கு லைட் முன்னாடி ஒரு போலரைசர் ஷீட் (வெளிச்சத்தை ஒரே வாக்குல மட்டும் விடுற வடிகட்டி), லென்ஸ்ல ஒரு போலரைசர், ரெண்டையும் ஒண்ணுக்கொண்ணு குறுக்கா திருப்புனா பளபளப்பு அப்படியே அடங்கிரும். அந்த வசதி இல்லன்னா காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடியோ மேகமூட்டமான நாள்லயோ போங்க. மண்டபத்துக்குள்ள வெயில் கோடு விழுந்துருச்சுன்னா அன்னைக்கு வேலை முடிஞ்சதுன்னு கிளம்பிருங்க.

ஜூம் லென்ஸ் வேணாம், 50 மி.மீ மாதிரி ஒரே அளவு லென்ஸ் போதும், அப்பர்ச்சர் எஃப் 8, ஐஎஸ்ஓ 100, டிரைபாட், ரா ஃபைல் (கேமரா சுருக்காத முழுப் படம்). ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் 70லேர்ந்து 80 சதவீதம் ஒண்ணு மேல ஒண்ணு விழணும். முழங்கால் உயரத்துல ஒரு சுத்து, நெஞ்சு உயரத்துல ஒரு சுத்து, ஏணி மேலேர்ந்து ஒரு சுத்து, அப்புறம் முகம், வாய், நகம்னு கிட்டப் போய் எடுங்க. யாளிக்கு எனக்கு 300 படத்துக்கு மேல ஆச்சு. பக்கத்துல தரையில ரெண்டு ஸ்டீல் ஸ்கேல் வைங்க, கல்லுல ஸ்டிக்கர் ஒட்டாதீங்க. போன்ல இருக்குற லைடார் (லேசரால தூரம் அளக்குற சென்சார்) இந்த நுணுக்கத்துக்குப் பத்தாது, அதே போன்ல பொறுமையா போட்டோ எடுத்தா அதைவிட நல்லா வரும்.

போட்டோவை மாடலாக்குற கம்ப்யூட்டர் வேலைக்கு மெஷ்ரூம்ங்கிற சாப்ட்வேர் இலவசம், ஆனா என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்தாதான் ஒழுங்கா ஓடும், காசு குடுத்து வாங்குறதுன்னா மெட்டாஷேப். மாடல் வந்ததும் ஒரு ஸ்கேலை வச்சு அளவைச் செட் பண்ணி ரெண்டாவது ஸ்கேலை அளந்து பாருங்க, 500 மி.மீ இருக்க வேண்டியது அரை மில்லிக்கு மேல மாறுனா திரும்பப் போய் எடுக்குறதுதான் நல்லது. ஸ்மூத் பட்டனைத் தொடவே தொடாதீங்க, அது அழிக்கிறது கரகரப்பை இல்ல, அன்னைக்கு அந்த சிற்பி உளி வச்ச தடத்தை.

இப்ப மிஷின். கதவு வெட்டுற மூணு ஆக்சிஸ் ரவுட்டர், அதாவது முன்பின், இடவலம், மேல்கீழ்னு மட்டும் நகர்ற அந்த சிஎன்சி மிஷின், மேலேர்ந்து கீழதான் பாக்கும், அதனால தாடைக்கு அடியில, காதுக்குப் பின்னாடி அதுக்கு எட்டாது. ஒண்ணு, மாடலைத் துண்டு துண்டாப் பிரிச்சு வெட்டி ஒட்டணும், இல்ல சுத்துற நாலாவது ஆக்சிஸ் போடணும். எடுத்த எடுப்புல கல்லுல போகாம ஃபோம்ல பாதி அளவுல ஒண்ணு வெட்டிப் பாருங்க, தப்பெல்லாம் அங்கயே தெரிஞ்சுரும். அப்புறம் தேக்கு, இல்லன்னா மாக்கல். நம்ம ஆச்சிமார் புளிக்குழம்பு வைக்கிற கல்சட்டி செய்யிற அதே மாக்கல்தான், மிருதுவான கல்லு, பிட் (வெட்டுற முனை) தாங்கும். கருங்கல்லுக்கு இந்த ரவுட்டர் ஆகாது, தண்ணி ஊத்திக்கிட்டே டைமண்ட் டூல்ல வெட்டுற கல் மிஷின்தான் வேணும். எதுவா இருந்தாலும் நல்ல டஸ்ட் மாஸ்க் போடாம நிக்காதீங்க, கருங்கல் தூசி நுரையீரலுக்குள்ள போனா திரும்ப வராது.

முதல்ல 12 மி.மீ பிட்ல முரட்டு வெட்டு, 1 மி.மீ மிச்சம் விட்டு. அப்புறம் 3 மி.மீ பால் நோஸ் பிட் (நுனி உருண்டையா இருக்குறது), 0.3 மி.மீ ஸ்டெப் ஓவர் (ஒரு வெட்டுக் கோட்டுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி). இந்தக் கணக்குல கோட்டுக்குக் கோடு நிக்கிற வரப்பு ஒரு மில்லியில நூத்துல ஒரு பங்கு கூட வராது, விரலுக்கே தெரியாது. ஆனா நேரம் பாருங்க, ஒரு அடிக்கு ஒரு அடி முகம்னா ஆயிரம் கோடு, மொத்தம் 300 மீட்டர், நிமிஷத்துக்கு ஒன்றரை மீட்டர் போனா 200 நிமிஷம். ஸ்டெப் ஓவரைப் பாதியாக்குனா நேரம் ரெண்டு மடங்கு. அதனால முகத்துக்கும் கைக்கும் மட்டும் நெருக்கமா வைங்க, தூணோட பட்டைக்கு 0.6 போதும்.

வாய்க்குள்ள இருக்குற உருண்டை கேமராவுக்கும் முழுசாத் தெரியாது, பிட்டும் போகாது. அந்த இடத்தை மூடுன கட்டியா விட்டுட்டு ஸ்தபதி அய்யாகிட்ட குடுத்தேன், அவர் பழைய யாளியை ரெண்டு தடவை போய்ப் பாத்துட்டு வந்து சின்ன உளியால நாலு நாள்ல உருண்டையைப் பிரிச்சு விட்டாரு, அது உள்ள உருண்டப்ப பட்டறைல எல்லாரும் வேலையை நிறுத்திட்டு வந்து நின்னோம். "தம்பி, மூக்கு மழுங்கிப்போயிருக்கே, கூராக்கித் தரட்டா"ன்னு கேட்டாரு. "வேணாங்கய்யா, இருக்குறபடியே இருக்கட்டும்"னேன். கேமரா பாத்த இடத்தை யாரும் திருத்தக்கூடாது, பாக்காத இடத்துக்கு மட்டும் கை, இதுல நான் பிடிவாதம்.

கடைசியா ஒண்ணு, இதை விட்டுறாதீங்க. நம்ம பக்கம் பழைய சாமான் கடையில எத்தனையோ வீட்டு நிலையும் தூணும் கை மாறிப் போயிருக்கு, நம்ம நகலும் நாளைக்குப் பழசுன்னு வெலை போகலாம். அதனால பின்பக்கம் நகல்னும், வெட்டுன வருஷமும், அசல் எந்த ஊர்ல எந்தத் தூண்ல இருக்குன்னும் அதே மிஷின்ல 5 மி.மீ ஆழத்துக்கு வெட்டிருங்க, லேசாக் கீறுனா தேய்ச்சு எடுத்துருவாங்க.