படகு டிரெய்லரின் பங்க் பலகைகளை நாமே மாற்றுவது எப்படி?

டிரெய்லரில் படகின் அடிவயிறு உட்காரும் இரண்டு நீளப் பலகைகளைத்தான் பங்க் என்கிறார்கள். மேலே கம்பளம் போர்த்தியிருப்பதால் உள்ளே மரம் இற்றுப்போயிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒன்டாரியோவில் குளிர் முடிந்து படகை வெளியே எடுக்கும் ஏப்ரல், மே மாதங்கள்தான் பார்ப்பதற்குச் சரியான நேரம். ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பலகையின் அடிப்பக்கத்தைக் குத்துங்கள். போல்ட் ஏறியிருக்கும் இடங்களையும் இரு முனைகளையும் விட்டுவிடாதீர்கள். நுனி சதக்கென்று இறங்கினால் மாற்றியாக வேண்டும். 14 முதல் 16 அடி வரையுள்ள அலுமினிய மீன்பிடிப் படகை மனதில் வைத்துச் சொல்கிறேன். ஃபைபர் படகுக்கும் வேலை ஏறக்குறைய இதுதான்.

மரம் வாங்கும்போது

பழைய பலகையை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். 2×4 என்று விற்பது உண்மையில் 1½ × 3½ அங்குலம். 2×6 என்பது 1½ × 5½.

கடைக்காரர் உடனே காட்டுவது பச்சை சாயலில் இருக்கும் பிரஷர் ட்ரீட்டட் மரமாக இருக்கும். மக்காது என்பது உண்மைதான். ஆனால் அதில் ஏற்றியிருக்கும் மருந்தில் தாமிரம் உண்டு. ஈரத்தில் தாமிரமும் அலுமினியமும் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் அரிக்கும். நனைந்த கம்பளம் நாள்கணக்கில் காயாது என்பதையும் யோசியுங்கள். அலுமினியப் படகென்றால் மருந்து ஏற்றாத சீடர் அல்லது டக்ளஸ் ஃபர் வாங்குவதே மேல். ஆயுள் கொஞ்சம் குறையலாம். குறைந்தால் என்ன, பலகையை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். படகின் அடியை வாங்க முடியாது. ஃபைபர் படகுக்கு ட்ரீட்டட் மரம் தாராளமாகப் போடலாம். கடையிலிருந்து வரும்போது அது ஈரமாக இருக்கும், ஓரிரு வாரம் நிழலில் காயவிட்டு அப்புறம் கம்பளம் சுற்றுங்கள்.

போல்ட், வாஷர், ஸ்டேப்பிள் பின் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். போல்ட்டுக்கு ஹாட் டிப் கால்வனைஸ்டும் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தது) சரிதான். மரத்துக்குள் நேராகத் திருகி ஏற்றும் லேக் போல்ட்டின் நீளத்தில் மட்டும் கவனம் தேவை. பலகையை டிரெய்லரோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டின் கனம் கால் அங்குலம், மரத்தின் கனம் ஒன்றரை. 2 அங்குல போல்ட்டை முடுக்கினால் அதன் முனை கால் அங்குலம் வெளியே வந்து, கம்பளத்தைத் துளைத்து, நேராகப் படகின் அடியில் குத்தும். 1½ அங்குல போல்ட் போதும்.

பழையதைக் கழற்றுதல்

படகைத் தண்ணீரிலேயே கட்டிவிட்டு வெறும் டிரெய்லரை வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தால் பாதி வேலை மிச்சம். முடியாவிட்டால் ஒரு நேரத்தில் ஒரு பலகை மட்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். படகின் மூக்கை டிரெய்லரோடு இழுத்துக் கட்டியிருக்கும் வின்ச் பட்டையைக் கழற்றாதீர்கள். நடு அடித்தண்டுக்குக் கீழே, இடையில் ஒரு மரத்துண்டு வைத்து, ஜாக்கியால் ஓர் அங்குலம் தூக்கினால் போதும். தூக்கியதும் பலகை கழற்றும் பக்கத்தில் கனமான கட்டைகளை அடுக்கி முட்டுக்கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பிப் படகுக்கு அடியில் கையையோ தலையையோ நீட்ட வேண்டாம்.

கழற்றும் முன் பலகை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அளந்து குறித்து, ஒரு போட்டோவும் எடுத்துவையுங்கள். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கிரைண்டர்தான். பெட்ரோல் டேங்கை முதலில் தூரமாக வைத்துவிடுங்கள்.

புதியதைப் பொருத்துதல்

பழைய பலகையை மேலே வைத்து அளவெடுத்து அறுங்கள். லேசான வளைவு இருந்தால் மேடான பக்கம் மேலே வரட்டும். மேல் விளிம்புகளை உப்புத்தாளால் மழுக்குங்கள். ⅜ அங்குல லேக் போல்ட்டுக்குக் கால் அங்குலத் துளை போட்டு, அறுத்த முனைகளிலும் துளைக்குள்ளும் வெளிப்புற வார்னிஷ் பூசிக் காயவிடுங்கள்.

கம்பளம் 12 அங்குல அகலத்தில் சுருளாகக் கிடைக்கும். 2×6-க்கு அப்படியே சரி. 2×4-க்கு 9 அங்குலமாக வெட்டிக்கொள்ளுங்கள். இறுக்கி இழுத்து, அடிப்பக்கத்தில் மட்டும் பின் அடியுங்கள். இரண்டு ஓரங்களும் அடியில் ஒன்றையொன்று தொட வேண்டாம், தண்ணீர் வடிய இடைவெளி இருக்கட்டும்.

இனி முக்கியமான விஷயம். அவுட்போர்டு மோட்டாரின் மொத்த எடையும் டிரான்ஸம் என்கிற பின்சுவரில்தான் தொங்குகிறது. அந்தச் சுவர் பலகையின் மேல் உட்கார வேண்டும். பலகை அதற்கு முன்பே முடிந்துவிட்டால் படகின் அடி நாளடைவில் அந்த இடத்தில் வளைந்துவிடும். பழைய பலகையே குட்டையாக இருந்தால் அதே தவறைத் திருப்பிச் செய்யாதீர்கள். புதியதை இரண்டு அங்குலம் வெளியே நீளும்படி அறுங்கள்.

அசையும் பிராக்கெட் என்றால் அதன் நட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கி, படகை இறக்கி, பலகை தானாகச் சாய்ந்து படிந்த பிறகு முழுதாக முடுக்குங்கள். முதல் பயணம் போய்வந்ததும் ஒருமுறை எல்லாவற்றையும் இறுக்கிவிடுங்கள், மரம் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.

படகு வழுக்கி இறங்கட்டும் என்று கம்பளத்தில் சிலிக்கான் ஸ்ப்ரே அடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. அடித்தே தீருவேன் என்றால், படகின் பின்பக்கம் தண்ணீரில் மிதக்கும் வரை வின்ச் பட்டையைத் தொடாதீர்கள்.

புதுக் கம்பளத்தின் ஓரங்களில் பாசியும் கொடியும் நன்றாகவே சிக்கும். டிரெய்லரைச் சாலையில் ஏற்றும் முன் அவற்றை நீக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் சட்டம். ஏரிக்கரையிலேயே குனிந்து பலகையின் அடியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.