பூனை இருக்கும் வீட்டில் கீரைப்பாத்தி போடுவது எப்படி?

காரைக்குடிப் பக்கத்துச் செம்மண் வெயிலில் காய்ந்தால் ஓடாக இறுகிவிடும். அதைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கிக் கீரை விதைத்தால், மறுநாள் காலையில் பாத்தி நடுவே பூனை பறித்த பள்ளம் இருக்கும். வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) கருங்கல், பட்டாலையில் (உள்கூடத்தில்) ஆத்தங்குடிக் கல், கொல்லையில் கெட்டி மண். கால் இறங்குகிற மண் உங்கள் பாத்தி ஒன்றுதான். எனவே விரட்டுவதற்கு முன்னால் பூனைக்கு ஓர் இடம் கொடுங்கள்.

முதலில் சில நாள் கவனியுங்கள். விடியலிலும் அந்தியிலும் அது எந்த மூலைக்குப் போகிறது? அதே மூலையில், கிணற்றை விட்டுத் தள்ளி, இரண்டடிச் சதுரத்துக்கு அரையடி ஆழம் தோண்டிக் காய்ந்த மணலை நிரப்புங்கள். மேலே ஒரு பழைய தகரம் வேண்டும். மழையில் மணல் நனைந்தால் பூனை பாத்திக்கே திரும்பிவிடும். பாத்தியில் கிடக்கும் அதன் கழிவில் கொஞ்சத்தை எடுத்து மணலில் போட்டால் வாசம் பிடித்து வரும்.

அந்தக் குழியைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். பூனைக் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். வெளியே வந்து 1 முதல் 5 நாளில்தான் அது தொற்றும் நிலைக்கு வரும். கையுறை அவசியம். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். கீரைக்கு உரமாகவும் போடாதீர்கள்.

அப்புறம் விதைப்பு. அரைக்கீரை விதை பொடிசு என்பதால் மணலோடு கலந்து தூவி, மேலாக மண்ணைக் கிளறிவிட்டு, தென்னை ஓலையால் மூடுங்கள். முளை தெரிந்ததும் ஓலையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாற்று வெளுத்து நீண்டுவிடும். ஓலை இருந்த இடத்தில் அரைச்சாண் இடைவெளியில் சுள்ளிகளைக் குத்தி வையுங்கள். பூனைக்குத் திரும்பி உட்கார இடம் கிடைக்காது. கருவேல முள் மட்டும் வேண்டாம், பாதத்தில் ஏறிவிடும். அந்துருண்டையும் கூடாது, அது பூனைக்கு விஷம். தண்ணீரைச் சாயங்காலம் ஊற்றினால், பூனை வரும் நேரத்தில் மண் ஈரமாக இருக்கும். ஈர மண்ணை அது அவ்வளவாக விரும்பாது.

ஐப்பசி மழைக்குப் பிறகு கொல்லையில் தானாக முளைக்கும் குப்பைமேனியைக் களை என்று முழுக்கப் பிடுங்கிவிடாதீர்கள். மணல் குழியருகே இரண்டு செடி நிற்கட்டும். ஒன்றை வேரோடு பிடுங்கிப் போட்டால், பல பூனைகள் அந்த வேரில் முகத்தைத் தேய்த்துப் புரளும். எங்கள் பூனை அப்படிக் கிறங்கிக் கிடப்பதைப் பார்ப்பதற்காகவே நான் அந்தச் செடியை வளர்க்கிறேன்.

சரி, எந்தச் செடி கூடாது? பூசைக்கு வைக்கும் அரளியும் செங்காந்தளும் பூனைக்குக் கொடிய விஷம். நர்சரியில் விற்கும் லில்லி இன்னும் மோசம்: உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். பூனை அதைத் தொட்டது தெரிந்தால், வாந்தி வரும்வரை காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

விதைத்து ஒரு மாதம் போல ஆனதும் கீரையை அறுக்கலாம். நன்றாக அலசிச் சமையுங்கள். வேரோடு பிடுங்கினால் அந்த இடம் மறுபடி இளகிய மண்தான். அன்றே ஓலையை எடுத்துப் போட்டு மூடிவிடுங்கள்.